புத்தி சொல்றது இனாம், கூடப் போறதுதான் செலவு

வாய்யா மருமகனே, திண்ணையில இப்படி உக்காரு. சேக்காளி விஷயமா யோசனை கேக்க வந்திருக்க, தெரியுது. அவனைப் பத்தி ஊரே பேசுது. ராத்திரி தூங்குறதில்ல, தட்டுல போட்ட சோறு தட்டுலயே காயுது, பைனான்ஸ்ல எடுத்த லோடு ஆட்டோ வேப்பமரத்தடியில நின்னு டயர்ல காத்து எறங்கிப் போச்சு. ஆளு கம்மாக்கரைப் பக்கம் தனியாப் போயிக் குத்தவைக்கிறான்.

நீயும் சும்மா இருக்கல. தெனமும் விடியக்காலம் வாட்ஸப்புல சூரியன் உதிக்கிற படமும் அதுக்கடியில தன்னம்பிக்கை வசனமும் அனுப்புறியாமே. பெரிய மனசுய்யா ஒனக்கு. ஒம்பது மணி வரைக்கும் குறட்டை விடுற பய, சேக்காளிக்காக அஞ்சு மணிக்கே சூரியனை உதிக்க வச்சிருக்க. நேர்லயும் போயி, "மனசத் தளரவிடாத மாப்ள, எல்லாம் சரியாப் போயிரும்"னு முதுகுல தட்டிட்டு வந்தியாம். அவன் என்ன, தளரவிடணும்னு நேந்துக்கிட்டா தளரவிட்டான்?

ஒனக்கு முன்னாடி யோசனை சொன்ன பெரிய மனுசங்க கொஞ்சமா? அவன் பெரியப்பன், "ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் அடங்கிரும்"ங்கிறான். அவன் மகனுக்குப் போட்ட கால்கட்டு என்ன கதியில இருக்குன்னு குடும்பக் கோர்ட்டுல விசாரிச்சாச் சொல்லுவாக. லேத்துப் பட்டறைக்காரன், "ஒரு குவாட்டர் உள்ள போனா தன்னால தூக்கம் வரும்"னு டாஸ்மாக்குக்கு இழுத்துட்டுப் போயிருக்கான். தூக்கம் வந்துச்சு. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பும் வந்துச்சு, முழிப்போட சேந்து அழுகையும் வந்துச்சு. சோர்ந்த மனசை இன்னும் கீழ அமுக்குற சரக்கு அதுன்னு பாட்டில்ல யாரு எழுதுறா?

அவுக ஆத்தா பாவம், கோடாங்கியக் கூட்டியாந்தா. கறுப்புச் சேவல் ஒண்ணு, எலுமிச்சம்பழம் ஒரு கூடை, வீட்டு மூலைக்கு ஒண்ணா நாலு ஆணி, கோடாங்கி வந்து போகக் காரு, சிஷ்யப்பிள்ளைக்குத் தனியா வேட்டி துண்டு. காதுல கெடந்த கம்மல் போயிருச்சு. ஒருத்தராவது "இம்புட்டுக் காசா?"ன்னு வாயத் தெறந்தீகளா? ரசீது கேட்டீகளா? இப்ப நான் அரசாங்க ஆஸ்பத்திரியில மனநல டாக்டரு காசு வாங்காமப் பாக்குறாருன்னு சொன்னா மட்டும், "இனாமாக் குடுக்கிற மருந்து கேக்குமா மாமா?"ன்னு இழுக்கிற. கேக்கும்டா. சேவலைவிட நல்லாக் கேக்கும்.

நான் சாமிக்கு விரோதி இல்ல. கும்புடட்டும், திருநீறு பூசட்டும். ஏர்வாடி தர்காவுலயே இன்னைக்குத் துவா ஒரு பக்கம், அரசாங்க டாக்டரு எழுதுற மாத்திரை ஒரு பக்கம்னு சேந்துதான் நடக்குது. சாமி கோவிச்சுக்கிட்டதா யாரும் சொல்லல.

விஷயத்துக்கு வாரேன். தேசிய மனநலத் திட்டம்னு ஒண்ணு 1982-லயே போட்டாக. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியோட நின்னா ஆகாது, மாவட்டம் மாவட்டமா எறங்கணும்னு 1996-ல மாவட்ட மனநலத் திட்டம் வந்துச்சு. இன்னைக்கு நம்ம மாநிலத்துல எல்லா மாவட்டத்துலயும் நடக்குது. மனநல டாக்டரு ஒருத்தர், உக்காத்தி வச்சுப் பேசிப் பாக்கிற உளவியலாளர் ஒருத்தர், வீட்டு நெலவரம் விசாரிக்கிற சமூகப் பணியாளர், நர்ஸுன்னு ஒரு குழு. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில பாக்கிறது போக, தாலுகா ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கெழமை குறிச்சு வருவாக. எந்தக் கெழமைங்கிறது ஊருக்கு ஊர் மாறும். ஐ.பி.எல். மேட்ச் எந்தத் தேதியில எந்த ஊர்லன்னு தலைகீழாச் சொல்ற பயதான நீ? நம்ம கிராமத்து நர்ஸம்மாகிட்டப் போயி, "மனநல டாக்டரு நம்ம தாலுகாவுக்கு என்னைக்கு வாராக?"ன்னு ஒரு வார்த்தை கேளு. அந்தப் புள்ளைக்குத் தெரியும். சர்க்கரை மாத்திரை குடுக்க வீடு வீடா வாராகளே, அவுகளக் கேட்டாலும் விசாரிச்சுச் சொல்லுவாக.

இன்னும் பெரிய எடமா வேணும்னா இருக்கவே இருக்கு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரின்னா மனநலப் பிரிவு தனியா இருக்கும்.

அன்னைக்கு என்ன நடக்கும்னு சொல்றேன், கேட்டுக்கோ. காலையில வெள்ளன ஓ.பி. சீட்டு வரிசையில நிக்கணும். கவுண்டர்ல இருக்கிற புள்ள பேரு, வயசு, ஊரு கேட்டுட்டு, "எந்த டாக்டரைப் பாக்கணும்?"னு கேக்கும். அங்கதான் நம்ம ஆளு சறுக்குவான். பின்னாடி நம்ம ஊர்க்காரி ஒருத்தி மூட்டுவலிக்கு நிப்பா. மனநலம்னு சொல்ல நாக்கு எழும்பாது. "தலைவலி"ம்பான். பொது மருத்துவம்னு சீட்டுல எழுதிருவாக. அந்த டாக்டரு தலைவலி மாத்திரையக் குடுத்து அனுப்பிருவாரு. ஒரு நாக்கூலி போச்சு, "ஆஸ்பத்திரிக்கும் போயிப் பாத்தாச்சு, ஒண்ணும் கேக்கல"ங்கிற பேச்சு மட்டும் மிச்சம். அதனால கவுண்டர் முன்னால நீ நில்லு. "மனநலப் பிரிவு"ன்னு நீ சொல்லு, நல்லாச் சத்தமாச் சொல்லு. மூட்டுவலிக்காரி ஒன்னைத்தான் கிறுக்குப் பிடிச்சவன்னு நெனப்பா. நெனச்சிட்டுப் போறா. ஒன்னைப் பத்தி ஊர்ல ஏற்கனவே இருக்கிற அபிப்ராயந்தான.

உள்ள போனா டாக்டருக்கு அவனுக்குன்னு கெடைக்கிறது அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ. வரிசை அம்புட்டு நீளம், அவரு என்ன செய்வாரு? அதனால முன்னாடி ராத்திரியே அவன் கூட உக்காந்து ஒரு தாள்ல எழுதிக்கோ. எப்போ இருந்து தூக்கம் கெட்டுச்சு, எத்தனை மணிக்கு முழிக்கிறான், சாப்பாடு எப்படி, குடி உண்டா, வேற மாத்திரை ஏதும் முழுங்குறானா, அவன் குடும்பத்துல முன்னாடி யாருக்கும் இப்படி வந்திருக்கா, சாகணும்னு பேசினானா. அந்தத் தாளை நீட்டிட்டு வாயப் பொத்திக்கோ. அவன் பேசட்டும். ஒனக்கு இது செரமந்தான். டாக்டரு "வெளிய இருங்க"ன்னு சொன்னா மூஞ்சியத் தூக்காம வெளிய பெஞ்சில உக்காரு. ரத்தம் எடுக்கச் சொன்னா, "மனசுக்கு எதுக்கு ரத்தம்?"னு அங்க போயி ஞாயம் பேசாத. தைராய்டு கொறஞ்சாலும் ஆளு இப்படித்தான் சோந்து கெடப்பான், அதப் பாக்கத்தான்.

மாத்திரையும் அங்கயே மருந்து கவுண்டர்ல காசில்லாமக் குடுப்பாக. எப்பவாச்சும் ஒண்ணு இருப்புல இல்லாமப் போயி வெளிய வாங்கச் சொன்னா, ஏசி போட்ட கண்ணாடிக் கடைக்கு ஓடாத. மக்கள் மருந்தகம் இருக்கு, 2025 பிப்ரவரியில தொறந்த முதல்வர் மருந்தகம் இருக்கு. மருந்தோட பேரைச் சொல்லிக் கேளு, கம்பெனி பேரைச் சொல்லாத. மருந்து அதேதான், அட்டையில இருக்கிற பேரும் வெலையுந்தான் வேற.

இங்கதான் மருமகனே பொறுமை வேணும். மனச்சோர்வு மாத்திரை முழுங்குன மறுநாளே அவன் எந்திரிச்சு ஆட்டோவக் கழுவுவான்னு எதிர்பாக்காத. வேலை காட்ட ரெண்டு வாரம், நாலு வாரம், செல பேருக்கு ஆறு வாரங்கூட ஆகும். கூத்து என்னன்னா, தொந்தரவு மட்டும் மொத வாரமே வந்துரும். வாய் காயும், வயித்தப் பெரட்டும், மத்தியானமே கண்ணைச் சொக்கும். பலன் பின்னாடி ஆடி அசைஞ்சு வரும். இந்த எடைப்பட்ட வாரத்துலதான் நெறையப் பேரு அட்டையத் தூக்கிக் கூரையில சொருகிட்டு, "இங்கிலீஷ் மருந்து ஒத்துக்கல"ங்கிறது. அப்படி ஏதும் தொந்தரவுன்னா திரும்ப டாக்டருகிட்டப் போயிச் சொல்லணும், மாத்திக் குடுப்பாரு, அளவைக் கொறைப்பாரு. நல்லாத் தெளிஞ்ச பெறகும் ஆறு மாசத்துக்குக் கொறையாம முழுங்கச் சொல்லுவாக. "அதான் நல்லாயிருச்சே"ன்னு தானா நிப்பாட்டுற பயலுகதான் திரும்பப் படுக்குறது. ஒன் வாட்ஸப்புச் சூரியனை இந்த மூணாவது வாரத்துக்கு ஒத்திவை, அப்ப கொஞ்சம் பிரயோசனப்படும். படத்துக்குப் பதிலா "மாத்திரை போட்டியா?"ன்னு ரெண்டு வார்த்தை அனுப்புனா இன்னும் நல்லது.

பணங்காசைவிட ஒங்கள நிப்பாட்டுறது பயந்தான், எனக்குத் தெரியாதா? நம்ம ஊர்ல ஒருத்தனை வையணும்னா ஏர்வாடிக்கு அனுப்புறோம், சினிமாக்காரன் வையணும்னா கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புறான். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794-ல ஆரம்பிச்சது. இத்தனை தலைமுறையா அங்க வைத்தியம் பாத்துத் தெளிஞ்சு வீட்டுக்குப் போனவுக எத்தனை பேரோ. அதை ஒரு படத்துல காமிச்சானா?

சங்கிலி போடுவாகளோன்னு அவுக ஆத்தா கேட்டாளாம். அவ பயத்துல ஞாயம் இருக்கு. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில தனியார் நடத்துன ஒரு காப்பகத்துக் கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேரு செத்தாக. கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. அதுல கேலி பேச எனக்கு வாய் வராது. அதுக்குப் பெறகு அந்த மாதிரிக் காப்பகத்தையெல்லாம் மூடுனாக. 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் சங்கிலியில கட்டக் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்கு. கரண்டு வைக்கிற வைத்தியமும் மயக்க மருந்து குடுக்காமச் செய்யக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. நம்ம சேக்காளி மாதிரி ஓ.பி.யில பாத்துட்டு வீட்டுக்கு வார ஆளுக்கு இந்தப் பேச்சே பெரும்பாலும் எழாது.

போலீஸ் கேஸ் ஆகுமோன்னு நீ கேட்ட. தப்பான முடிவுக்குப் போயிப் பொழைச்சவனைத் தண்டிக்கிறது பழைய கதை. அதே சட்டத்துல 115-ஆம் பிரிவு, அவன் கடுமையான மன அழுத்தத்துல இருந்தான்னுதான் எடுத்துக்கணும், அரசாங்கம் அவனுக்கு வைத்தியம் பாக்கணும்னு சொல்லுது. பொண்ணு குடுக்கமாட்டாகளோன்னு பெரியப்பன் கேட்டானாம். நோயாளி ரகசியத்தை வெளிய விடக் கூடாதுன்னு டாக்டருக்குச் சட்டம் இருக்கு. டீக்கடை பெஞ்சுல ஒன் வாய்க்குத்தான் இன்னும் சட்டம் போடல. நீயாப் பாத்து ஒண்ணு போட்டுக்கோ.

அந்தச் சட்டத்துல ஒனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பதவியும் இருக்கு. நாளைக்கு அவனால சுயமா முடிவு எடுக்க முடியாத நெலமை வந்தா, அவன் சார்பா டாக்டருகிட்டப் பேசி வைத்தியத்துக்கு ஒத்தாசை பண்ண ஒரு ஆளை அவன் இப்பவே நியமிச்சு வைக்கலாம். ரத்த உறவா இருக்கணும்னு இல்ல, சேக்காளியா இருந்தாலும் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். வெள்ளைத்தாள்ல எழுதி அவன் கையெழுத்துப் போடணும், கைநாட்டு வச்சாலும் செல்லும். நீ சம்மதம்னு எழுதிக் குடுக்கணும். ரசிகர் மன்றத்துல துணைத் தலைவர் பதவிக்கு நீ பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

"பேச்சு வைத்தியம் வேணும்னா பட்டணத்துல மணிக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கேக்காகளே மாமா"ன்னு சொல்ற. கேப்பாக. மொதல்ல அரசாங்கக் குழுவுல இருக்கிற உளவியலாளரைப் பாருங்க. அதுக்கு மேல வேணும்னா மதுரையில 1992-ல இருந்து எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கு. சென்னைப் பக்கம் அவன் அக்கா வீட்டுக்குப் போறதா இருந்தா, 1984-ல மனநல டாக்டரு சாரதா மேனன் அம்மா ஆரம்பிச்ச ஸ்கார்ஃப் அமைப்பு இருக்கு, 1993-ல ஆரம்பிச்ச பான்யன் அமைப்பு இருக்கு. கையில காசில்லன்னு மொதல்லயே சொல்லிக் கேளு. கேக்கிறதுக்கு வெக்கப்படாத, கல்யாண மொய்யில பேர் விட்டுப்போச்சுன்னு மைக்குல சண்டை போட்ட வம்சந்தான நாம.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் சூதானம். பஸ்ஸ்டாண்டுல பார்க்குற எடமெல்லாம் "கவுன்சிலிங்"னு போர்டு தொங்குது. லைஃப் கோச்சாம், ஆழ்மன நிபுணராம். மூணு நாள் வகுப்புல பிரேம் போட்ட சான்றிதழ் வாங்குனவனும் அதுல இருக்கான். மருத்துவ உளவியலாளர்னா இந்திய மறுவாழ்வு மன்றத்துல பதிஞ்சிருக்கணும், மனநல டாக்டருன்னா எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல மனநலம் படிச்சிருக்கணும். பதிவு எண் என்னன்னு கேளு. நல்ல ஆளு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. கோவப்படுறவன்கிட்ட இருந்து அப்படியே எந்திரிச்சு வந்துரு.

இப்ப சொல்லப்போறதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காத. அவன் சாவைப் பத்திப் பேசுறானான்னு நேராக் கேளு. "சாகணும்னு தோணுதா மாப்ள?"ன்னு இதே வார்த்தையில கேளு. கேட்டா இல்லாத நெனப்பு வந்துரும்ங்கிறது சும்மா கட்டுன கதை. கேட்டாத்தான் அவன் நெஞ்சுல கெடக்கிறதை எறக்கி வைப்பான். ஆமான்னு சொன்னா, புத்தி சொல்ல ஆரம்பிச்சிராத, தனியா விடாத. வீட்டுல இருக்கிற பூச்சிமருந்தை எடுத்துட்டு வந்து எங்க வீட்டுல குடு, நான் பூட்டி வைக்கிறேன். ஓ.பி. கெழமைக்குக் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, வண்டி இல்லன்னா 108. நடுராத்திரின்னாலும் அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416-க்குப் போன் போடலாம். 2022 அக்டோபர்ல இருந்து ஓடுது, தமிழ்லயே பேசுவாக, காசு கெடையாது. 104-லயும் பேசலாம். சென்னையில 1986-ல இருந்து சிநேகா அமைப்பு இருக்கு, 044-24640050. இந்த நம்பரையெல்லாம் அவனுக்கு மட்டும் குடுத்துட்டு நகந்துராத, ஒன் போன்லயும் அவுக ஆத்தா போன்லயும் போட்டு வை. அவன் அடிக்காட்டி நீ அடி. கூட இருக்கிறவுகளும் அதுல பேசி யோசனை கேக்கலாம்.

ஆக, டாக்டரு இனாம், மாத்திரை இனாம், போனு இனாம். அவுக ஆத்தா கூட வந்தா டவுன் பஸ்ல அவளுக்கு டிக்கெட்டும் கெடையாது. பெறகு எதுடா செலவு? ஒரு நாக்கூலிதான் செலவு. அவன் கூலி ஏற்கனவே போச்சு, இப்ப கேக்கிறது ஒன் கூலி. இதை மட்டும் எந்த அரசாங்கமும் இனாமாக் குடுக்காது. வேலூர் பாகாயத்துல சி.எம்.சி. மனநல மையத்துல உள்நோயாளி கூட வீட்டாளு ஒருத்தர் தங்கணும்கிறது பல காலத்துப் பழக்கம். கூட ஆளு இருக்கிறதும் வைத்தியத்துல ஒரு பங்குன்னு அவுகளுக்குத் தெரியும். வாழ்க்கை, லட்சியம், தன்னம்பிக்கைன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அவனுக்கு வாரி வழங்குன நீ, "அன்னைக்கு எனக்கு வேலை இருக்கே மாமா"ன்னு இப்பத் தலையச் சொறியுற பாத்தியா, அங்கதான்யா ஒன் பெரிய மனசு எம்புட்டுன்னு தெரியுது.

தீபாவளிக்குப் புதுப்படம் வந்தன்னைக்கு மேஸ்திரிகிட்ட என்ன சொல்லி லீவு வாங்குன? பாட்டி செத்துப்போச்சுன்னு. அந்தப் பாட்டி உள்ள ஒக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டிருக்கா. இந்தத் தடவை பொய்யும் சொல்ல வேண்டாம், சேக்காளிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு உள்ளதைச் சொல்லு. மொதத் தடவை மட்டும் போயிட்டு விட்டுறாத. மாத்திரை தீந்ததும் அடுத்த தடவையும் நீதான் போகணும். மொதத் தடவை போனவனுக்கு ரெண்டாந்தடவை காலு வராது, அப்பத்தான் ஆளு வேணும்.

போ, போயி நர்ஸம்மாகிட்டக் கெழமையக் கேட்டுட்டு வா. அன்னைக்கு ஆறரை மணி பஸ்ஸுக்கு அவன் வீட்டு வாசல்ல நில்லு, சோத்துப் பொட்டலமும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கோ, ஆதார் கார்டை அவன் சட்டைப்பையில வச்சிரு. மத்தியானத்துக்கு மேல ஓ.பி. சீட்டுக் குடுக்கமாட்டாக.